வெறும் வாசலைச் சுற்றிப் போனவர்

அவரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டால், "பேட்டரி இன்னும் சூடா இருக்குப்பா, தொட்டுப் பாரேன்" என்பார். "உடம்பு தேவலையா?" என்றால், "காவேரியில தண்ணி விட்டுட்டாளாமே" என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை. மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கும். அவர் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்பார்.

பிள்ளைகளே, அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் போதும். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், நீங்கள் பிறப்பதற்கு முன்னால், ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நான் வேலை பார்த்தேன். உறையூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அவர் ஒரு பாங்கில் கிளார்க். கோயிலைச் சுற்றிப் போகிற வீதிகளில் ஒன்றில் வீடு. நாற்பது வயது இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் மனைவியோடு கடைக்கு வந்தார். கையில் பெரிய அட்டைப் பெட்டி.

"ஜப்பான் சார்ஜர்ப்பா. நம்ம கரண்ட்டுல போட்டா எரிஞ்சு போயிடும்னு பாய் சொன்னார். கரண்ட்டைக் குறைச்சுக் குடுக்கறாப்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுத்தித் தருவியோ?"

பாய் என்று அவர் சொன்னது திருச்சி சிங்காரத்தோப்பில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தவரை. சிங்கப்பூர் போய்வருகிற சொந்தக்காரர்கள் மூலம் அவருக்குச் சரக்கு வரும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ரிமோட் கார், முழு காராக இல்லை, துண்டு துண்டாக இருந்தது. நாமே உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால் முழங்கை நீளம் வரும். பொம்மைக் கடையில் விற்கிற கார் உடைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இது அப்படி இல்லை. எந்தப் பாகத்தையும் கழற்றலாம், வேறு நல்லதாகப் போடலாம், தார் ரோட்டில் பந்தயம் விடலாம். அந்த வகையில் இது ஆரம்பக்காரர்களுக்கான மலிவு வண்டி என்று பாய் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

"பாப்பாவுக்கா சார்?" என்று கேட்டேன்.

அவர் மனைவி சிரித்துவிட்டார். "கொழந்தைக்குன்னு சொல்லித்தான் ஆத்துக்குள்ள கொண்டு வந்தார். அவ தொட்டா கையை ஒடிச்சுடுவார்."

அவர், "டிரான்ஸ்ஃபார்மர் ரொம்பக் கனமா இருக்குமோ?" என்றார்.

அந்த அம்மாவை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த மார்கழிக் கடைசியில் காய்ச்சல் என்றார்கள். திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. துக்கம் கேட்க வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் ஆயிடுத்தா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்பறமா வந்து வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிற அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அழவில்லை. வந்தவர்கள்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.

சொன்னபடி வந்து வாங்கிக்கொண்டார். காரைப் பூட்டினார். வீட்டில் பூட்டவில்லை, எங்கள் கடையில் உட்கார்ந்து பூட்டினார், சார்ஜரையும் அங்கேயே வைத்துக்கொண்டார். பாங்க் விட்டதும் வருவார். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிற ரேடியோவை வாங்க வந்தவர் மாதிரி பெஞ்சு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மகள் பள்ளிக்கூடம் விட்டு எதிர்வீட்டு மாமியிடம் இருப்பாள். கடை சாத்தும் நேரம் ஆனதும் எழுந்து போவார்.

அவர் வேலை செய்கிற விதம் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. அந்தக் காரில் சக்கரம் சுழல்கிற இடத்தில் பிளாஸ்டிக் வளையம்தான் போட்டிருந்தது. புஷ் என்போம். அதை எடுத்துவிட்டுப் பொடி பேரிங் போட்டால் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழலும். பாய் சிங்கப்பூரிலிருந்து பேரிங் வரவழைத்தார். கார் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். இவர் ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாட்டுவார். ஓட்டிப் பார்ப்பார். பிறகு பேரிங்கைக் கழற்றிப் பழைய புஷ்ஷையே திருப்பிப் போட்டு, மறுபடி ஓட்டிப் பார்ப்பார்.

"நல்லாத்தானே ஓடிச்சு சார், ஏன் கழட்டுறீங்க?"

"நன்னா ஓடித்துன்னு உனக்கு எப்படித் தெரியும்? பழசைப் போட்டுப் பார்த்தாத்தானே புதுசு என்ன பண்ணித்துன்னு தெரியும்."

இதுதான் அவர் எனக்கு நேராகச் சொன்ன முதல் பதில். காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் நேராகப் பதில் வரும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் அச்சின் பெரிய பல்சக்கரமும் ஒன்றோடொன்று ரொம்ப இறுகவும் கூடாது, விலகவும் கூடாது. நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு இறுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிட வேண்டும். அதற்கு அவர் பாங்க் சலானைத்தான் கிழிப்பார். "கவர்ன்மெண்ட் சொத்து சார்" என்பேன். "கிழிஞ்ச சலான்தான்பா" என்பார்.

திருச்சியில் அவரையும் சேர்த்து மூன்று பேர்தான் பந்தயம் விட்டார்கள். ஒருவர் பாய். இன்னொருவர் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டராக இருந்தவர். பாலக்கரைப் பக்கம் மாதா கோயில் தெருவில் வீடு. லேப் அண்ணன் என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தரையில் ஓட்டுவார்கள். ஒயர் விட்டுப்போனால் பற்றவைக்க நானும் போவேன். ஜெயித்தவருக்கு மற்ற இருவரும் காபி வாங்கித் தர வேண்டும். பந்தயத்துக்கு அவ்வளவுதான் பரிசு. இருந்தாலும் பாய், உலகமே அந்தக் காபியில் இருக்கிற மாதிரி ஓட்டுவார்.

அடுத்த மார்கழி வந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகக் கூடைப்பந்துத் தரையில் மேடை போட்டுவிட்டார்கள். எங்கே ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, "எங்க தெருவுல புதுசாத் தார் போட்டிருக்கா" என்றார் இவர். வாருங்கள் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் தாங்களாகவே போனார்கள்.

மார்கழிக் காலையில் ஸ்ரீரங்கத்து வீதிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடிவதற்குள் வாசலுக்கு வாசல் கோலம். ஒரு வீட்டுக் கோலம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக் கோலம் ஆரம்பித்துவிடும். நடுவில் கொஞ்சம் தார்தான் மிச்சம். முதல் ஞாயிறு இவர்கள் காரை இறக்கியதுமே எதிர்வீட்டு மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கோலத்து மேல ஏத்தினேள்னா வண்டியை எடுத்து வெந்நீர் அடுப்புல போட்டுடுவேன். விடியக்காலம்பற குனிஞ்சு குனிஞ்சு போட்டிருக்கேன், ஆமாம்."

பாய்தான் சமாதானம் சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா. சட்டம் போட்டுறலாம். சக்கரத்துல மாவு ஒட்டியிருந்தா அந்தச் சுத்து கணக்குல இல்ல. எனக்கும் சேர்த்துத்தான்."

"யார் பார்க்கறது?"

"நீங்களே பாருங்க."

அன்றிலிருந்து மாமிதான் நடுவர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "திருப்புங்கோ" என்பார். காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைக் காட்ட வேண்டும். லேப் அண்ணன், "இது மாவு இல்லைங்க, சாக்பீஸ் தூள், ஸ்கூல்லேருந்து ஒட்டினது" என்று ஒரு தடவை வாதாடிப் பார்த்தார். "சாக்பீஸுக்கும் அரிசி மாவுக்கும் வித்தியாசம் தெரியாமலா நாப்பது வருஷமாக் கோலம் போடறேன்?" என்று மாமி அந்தச் சுற்றை எடுத்துவிட்டார்.

அந்த முதல் ஞாயிறு இவருடைய கார், கார் மாதிரியே ஓடவில்லை. கட்டை வண்டி மாதிரித் தடதடவென்று குதித்தது. குலுக்கலைத் தாங்குகிற குழாய்களில் எண்ணெய் விட வேண்டும். இவர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். மார்கழிக் குளிரில் உறைந்துவிட்டது.

"என்ன சாமி, காருக்குத் தலை வாரி விட்டீங்களா?" என்றார் பாய். தெருவே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காரைக் கையில் எடுத்துக் குழாய்களை உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் விளக்கெண்ணெயில் தையல் மெஷின் எண்ணெயைக் கலந்து விட்டுக்கொண்டு வந்தார். அதுவும் ஒரு பக்கத்துக் குழாயில் மட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் வீட்டு வாசலுக்கு நேராகத் தெரு லேசாக ஒடிந்து திரும்பும். அந்தத் திருப்பத்தில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம் இருந்தது, அவர் வீட்டு வாசலில் மட்டும் இல்லை. அந்த அம்மா போய் வருஷம் முடிகிறவரை கோலம் கிடையாது என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அங்கே வெறும் தார். திருப்பத்தை அப்படியே வெட்டிக்கொண்டு அந்த வெறும் இடத்தின் வழியாகப் போனால் நல்ல குறுக்குவழி, சக்கரத்தில் மாவும் ஒட்டாது. பாயும் லேப் அண்ணனும் அப்படித்தான் போனார்கள். அதில் தப்பும் இல்லை.

முதல் சுற்றில் லேப் அண்ணனின் கார் அந்த இடத்தில் ஏறியபோது வாசற்படியில் நின்றிருந்த அவர் மகள், "ஐயோ, கோலம்!" என்று கத்திவிட்டாள். கத்தின பிறகுதான் அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்கே நினைவு வந்தது போலிருக்கிறது. கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா இருந்தபோது அந்த வாசலில் கோலம் நடுத்தெரு வரை வருமாம்.

அவர் அதைக் கேட்டார். அவருடைய கார் அந்த இடத்துக்கு வந்தபோது, அங்கே பெரிய கோலம் ஒன்று கிடக்கிற மாதிரி அகலமாக வளைத்துச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

அந்த வெறும் இடத்துக்கும் எதிர்வீட்டு மாமியின் கோலத்துக்கும் நடுவில் ஒரு சாண் தார்தான் இருக்கும். அதற்குள் புகுந்து வளைய வேண்டும். அவர் அந்த மார்கழி முழுக்கக் காரில் செய்த வேலையெல்லாம் அதற்காகத்தான். முன்சக்கரம் இன்னும் கொஞ்சம் அதிகம் திரும்ப வேண்டும் என்று, அதைத் தடுக்கிற பிளாஸ்டிக் மேட்டை அரத்தால் ராவினார். முன்சக்கரம் இரண்டையும் இம்மி வெளிப்பக்கம் பார்த்த மாதிரி வைத்தார், அப்போது கார் சட்டென்று திரும்பும். திரும்பும்போது பின்பக்கம் வழுக்கியது. பின்னால் ஸ்பிரிங்கை மெத்தென்று மாற்றினார். மோட்டாரின் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போட்டார், வேகம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று. ஒவ்வொன்றையும் போட்டு, கழற்றி, பழசைப் போட்டுப் பார்த்து, மறுபடி போட்டார். கார் அவ்வளவு அழகாகத் திரும்பியது. ஒவ்வொரு ஞாயிறும் தோற்றது.

பாய் முதல் வாரம் கேலி செய்தார். "சாமி வண்டி பிரதட்சிணம் பண்ணுது." இரண்டாவது வாரம் அவருக்கே விளங்கிவிட்டது. பிறகு கேலி செய்யவில்லை. தானும் அந்த இடத்தைச் சுற்றிப் போகட்டுமா என்று என்னிடம் காதோடு கேட்டார். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க பாய். அவர் கேக்கலையே" என்றேன்.

ஒரு நாள் கடையில் அவர் அரம் வைத்து ராவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அங்கே ஒண்ணும் இல்லையே சார். ஏன் சுத்திப் போறீங்க?"

ராவுவதை நிறுத்தவில்லை. "கோலமாவுல இந்தக் கல்பொடி கலக்கறாளே, அது பேரிங்குக்குள்ள போனா அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் வேறு ரேடியோவைத் திறந்துவிட்ட பிறகு, "கொழந்தை பார்த்துண்டு நிக்கறாளேப்பா" என்றார்.

மார்கழி பாதியில் பெங்களூரிலிருந்து அவருடைய அக்கா வந்தார். வருஷத் திதி செய்துவிட்டுப் போக வந்தவர். போகும்போது பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே படிக்கவைப்பதாகத் திட்டம். வந்த மறுநாளே தம்பியைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான் ரேடியோக்காரரா? பாங்க் விட்டா இவன் ஆத்துக்கு வராம இங்கே உக்கார்ந்துடறானாமே?"

"சும்மா கொஞ்ச நேரம்தாம்மா" என்றேன்.

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "ஏண்டா, வயசுக்கு வரப்போற பொண்ணு. அம்மா இல்லை. நீ பேசமாட்டே. அவளும் ஊமையாட்டம் ஆயிட்டா. எதிராத்து மாமி எத்தனை நாளைக்குப் பார்த்துப்பா? நான் கூட்டிண்டு போறேன். சரியா, இல்லையா, சொல்லு."

"அக்கா, இந்த டயர் பாரேன். ஒரு பக்கம் மட்டும் தேயறது."

"நான் பொண்ணைப் பத்திக் கேக்கறேன், நீ டயரைப் பத்திச் சொல்றே!"

"சக்கரம் நேரா இல்லேன்னா தேயும்."

அக்கா என்னைப் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டு வந்து, புடிச்சிருக்கான்னு அப்பா கேட்டா, அந்த ஊர்ல கிணத்துத் தண்ணி ஜில்லுன்னு இருந்ததுங்கறான். நாங்களா சரின்னு எடுத்துண்டோம். இப்பவும் நானே சரின்னு எடுத்துக்கறேன்." எழுந்தார். "திதி முடிஞ்ச ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டிக்கு டிக்கெட் வாங்கியாச்சு."

அவர் போன பிறகு இவர் அந்த டயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்தெல்லாம் இல்லை. நானும் பார்த்தேன்.

திதி நடந்த வாரம் அவர் கடைக்கு வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் போட மகள்தான் கொண்டுவந்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் அவர் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"பெங்களூர் போறியாமே பாப்பா?" என்றேன்.

"அத்தை சொல்றா."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆத்துல நாங்க பேசிக்கறதில்லை மாமா. சண்டையெல்லாம் இல்லை." கொஞ்ச நேரம் சார்ஜரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பாவம் மாமா. அங்கே ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ஏதோ பழக்கத்துல கத்திட்டேன். அவருக்குத்தான் இன்னும் அம்மா கோலம் இருக்காப்ல இருக்கு. சுத்திண்டே போறார். அதனாலதான் நான் அவர்கிட்ட அம்மா பேச்சே எடுக்கறதில்லை."

ஒயர் பற்றவைக்கிற சூட்டுக்கோல் கையில் இருந்தது. கீழே வைத்தேன். அப்பா மகளுக்காகச் சுற்றிப் போகிறார். மகள் அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். இப்படியே விட்டால் ஞாயிறு சாயங்காலம் அவள் ரயில் ஏறிவிடுவாள்.

சனிக்கிழமை பாங்க் மதியத்தோடு விட்டுவிடும். பாங்க் வாசலில் போய் நின்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா சுத்தாம கேக்கணும்."

"பேட்டரி சார்ஜ் ஏறலையா?"

"ஏறிடுச்சு. பாப்பா அந்த இடத்தைப் பார்த்துக் கஷ்டப்படலை சார். நீங்கதான் கஷ்டப்படுறீங்கன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு. உங்களுக்கு வலிக்கும்னுதான் அது அம்மாவைப் பத்திப் பேசுறதில்லை. அதுவே என்கிட்டச் சொல்லிச்சு."

அவர் சைக்கிள் மணியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அடிக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது அந்த முகம். ஊன்றினால் ஊன்றின இடம் தெரியாதே, அப்படி.

"நாளைக்கு வரியோன்னோ?" என்று மட்டும் கேட்டார்.

"வர்றேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசற்படியில் அக்காவின் டிரங்குப் பெட்டியும் பெண்ணின் துணிப்பையும் எடுத்து வைத்திருந்தது. வருஷம் முடிந்துவிட்டது, கோலம் போட்டிருக்கலாம். அக்கா போடச் சொல்லியிருக்கிறார், யாரும் போடவில்லை. அக்காவும் பெண்ணும் படியில் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரெடியா?" என்றார் லேப் அண்ணன். மூன்று காரும் கிளம்பின.

திருப்பத்தில் பாய் வண்டி முதலில். அடுத்து இவருடையது. இவர் வழக்கம்போல் வளைக்கவில்லை. அந்த வெறும் இடத்தின் நடுவாகக் கார் நேராகப் போனது. மார்கழி முழுக்க ராவி ராவி வைத்த கார் அல்லவா. திருப்பத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு போய்ப் பாயைத் தாண்டிவிட்டது.

"அடேயப்பா!" என்றார் பாய்.

நான் காரைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் விரல் மட்டும் அசைந்தது.

இரண்டாவது சுற்றிலும் கார் நேராகவே வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒயர் விட்டுவிட்டது என்று நினைத்து நான் ஓடினேன். ஒயர் விடவில்லை, அவர்தான் நிறுத்தியிருந்தார். ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு நடந்து வந்து படியின் முன்னால் நின்றார்.

"நீ போறியா?" என்றார் பெண்ணிடம்.

"என்னடா கேள்வி இது, டிக்கெட் வாங்கியாச்சு" என்றார் அக்கா.

"உன்னைக் கேக்கலைக்கா. அவளைக் கேக்கறேன்."

பெண் கோபமாகத்தான் சொன்னாள். "இதை அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"இன்னிக்குக் கேக்கறேன்."

"போகலை."

அதற்குள் பின்னால் வந்துகொண்டிருந்த பாய் சத்தம் போட்டார். "சாமி, வண்டியை ஓரமா எடுங்க! நான் வர்றேன், நிறுத்த முடியாது!" யாரும் எடுக்கவில்லை. பாயின் கார் இவருடைய காரில் முட்டிக் கவிழ்ந்து, சக்கரங்களை மேலே வைத்துக்கொண்டு சுழன்றது. பந்தயம் அதோடு முடிந்தது. லேப் அண்ணன் மட்டும் விடாமல் ஓட்டி முடித்து ஜெயித்தார். மாமி அவர் சக்கரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

"இருக்கேன்" என்றாள் பெண். "ஆனா அப்பா, நீ பேசணும். சாப்பிடறச்சேயாவது பேசணும்."

"என்ன பேசணும்?"

"எதாவது."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

அக்கா துணிப்பையை எடுத்து உள்ளே வைத்தார். "இவன் பேசறதாவது. நாப்பது வருஷமா நான் கேட்டதில்லை. பேசலேன்னா ஒரு கார்டு போடுடீ, அடுத்த வண்டியில வரேன்" என்று பெண்ணிடம் சொன்னார். சாயங்காலம் டிரங்குப் பெட்டியை நான்தான் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். தனியாகத்தான் போனார். ஒரு டிக்கெட் வீணாயிற்று என்று ஸ்டேஷன் போகிற வரை சொல்லிக்கொண்டே போயிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் பெண் பேட்டரியோடு கடைக்கு வந்தாள்.

"ராத்திரி பேசினாரா பாப்பா?"

"பேசினார் மாமா." முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "குழம்பு சாதத்துலேர்ந்து மோர் சாதம் வரைக்கும் பேரிங், ஸ்பிரிங், பேரிங். ஸ்பிரிங்ல எத்தனை வகைன்னு எனக்கு இப்போ தெரியும். போதும் போதும்னு ஆயிடுத்து."

"அம்மாவைப் பத்தி?"

"இன்னும் இல்லை."

பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் உட்காரவில்லை.

"இருந்து வாங்கிட்டுப் போயேன் பாப்பா. சீக்கிரம் ஏறிடும்."

"அப்பறமா வரேன் மாமா. அப்பா ஆத்துக்கு வந்துட்டார். இன்னிக்கு மோட்டாராம்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "போய்க் கேக்கணும்."